ஆர்டீமியா: டின்னிலிருந்து மீன் குஞ்சின் வயிறு வரை

மீன் குஞ்சுக்கு அசைவதுதான் இரை. பொடி உணவு அசையாது. அடியில் போய்ப் படிந்து தண்ணீரைக் கெடுக்கும். ஃபைட்டர், ஏஞ்சல், கப்பி, கோல்டு ஃபிஷ் என்று எதைப் பெருக்கினாலும், முதல் சில வாரங்களுக்கு உயிருள்ள தீனி கிடைத்த குஞ்சுகள் தனியாகத் தெரியும். டாஃப்னியா, மொய்னா என்ற தண்ணீர்ப் பூச்சிகள், டியூபிஃபெக்ஸ் புழு எல்லாமே உயிருள்ள தீனிதான். ஆனால் குளத்திலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் அள்ளி வரும் தீனியோடு நோயும் ஒட்டுண்ணியும் சேர்ந்தே வரும். ஆர்டீமியா என்ற உவர் இறால் அப்படியில்லை, உலர்ந்த முட்டையாக டின்னில் கிடக்கும். இன்று உப்புத் தண்ணீரில் போட்டால் நாளைக்குக் குஞ்சு. நன்னீர் மீனைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் அந்த உப்பில் பெரும்பாலும் பிழைக்காது.

பொரிக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொரித்த குஞ்சு எத்தனை மணி நேரத்துக்குள் மீனின் வாய்க்குப் போகிறது என்பதுதான் கணக்கு. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம்

உவர் இறால் என்று சொன்னாலும், நாம் குழம்பு வைக்கும் இறாலுக்கு இது தூரத்துச் சொந்தம் மட்டுமே. வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் அளவு இருக்கும். உடலின் இருபுறமும் 11 ஜோடி இலை போன்ற கால்கள். மல்லாந்துதான் நீந்தும், வயிறு வெளிச்சத்தைப் பார்த்தபடி. நீந்துவது, மூச்சு விடுவது, தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுவது எல்லாம் அந்தக் கால்களால்தான்.

இது இருப்பது கடலில் இல்லை, கடலைவிடப் பல மடங்கு உப்பேறிய ஏரிகளிலும் உப்பளங்களிலும். அங்கே மீன் பிழைக்காது; அதனால் பறவைகளை விட்டால் இதற்குப் பெரிய எதிரி கிடையாது. உலகச் சந்தைக்கு வரும் முட்டையில் பெரும்பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து நெடுங்காலமாக வருகிறது. நம் பக்கத்தில் தூத்துக்குடி, வேதாரண்யம், கேளம்பாக்கம் உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. தூத்துக்குடியின் பழைய இனத்தில் ஆணே தேவையில்லை, பெண்கள் மட்டுமே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். இப்போது அமெரிக்க இனமும் நம் உப்பளங்களுக்குள் வந்துவிட்டது. உப்பளக்காரர்களுக்கு இது நல்லதுதான் செய்கிறது: பாத்தியில் வளரும் பாசியை வடிகட்டித் தின்றுவிடுவதால் தண்ணீர் தெளிந்து உப்பின் தரம் கூடும்.

நிலைமை நன்றாக இருந்தால் பெண் நேரடியாகக் குஞ்சு ஈனும். உப்பு ஏறி, ஆக்ஸிஜன் குறைந்து, நாட்கள் மோசமானால் கெட்டி ஓடுள்ள முட்டை இடும். உள்ளே இருக்கும் கருவின் இயக்கம் அப்படியே நின்றுவிடும். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை அதன் செல்களை உலர்விலிருந்து காக்கும். கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இந்த முட்டை உலர்ந்த நிலையில் பல ஆண்டு காத்திருக்கும். டின்னில் நாம் வாங்கும் பழுப்புத் தூள் இதுதான். மீன் குஞ்சுகளுக்கு இது நல்ல தீனி என்று 1930களிலேயே கண்டுகொண்டார்கள். இன்று மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் முதல் கொளத்தூர் வண்ண மீன் பண்ணைகள் வரை எல்லா இடத்திலும் புழங்குகிறது.

முட்டை வாங்குவது, வைப்பது

காசு மிச்சம் பிடிக்க இது இடமில்லை. டின்னின் மேல் பொரிப்பு சதவீதம் போட்டிருக்கும். 90க்கு மேல் உள்ளதை எடுங்கள். மலிவான முட்டையில் பாதி பொரிக்காமல் போனால் விலை கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை, அதோடு பொரிக்காத முட்டையும் காலி ஓடும் குஞ்சுகளோடு கலந்து தலைவலி கொடுக்கும். கடையில் பெரிய டின்னைத் திறந்து சின்ன ஜிப் கவரில் பிரித்து விற்பதை வாங்காமல் இருப்பது நல்லது. அந்த டின் எப்போது திறந்தது, எத்தனை நாள் காற்றுப் பட்டது என்று யாருக்கும் தெரியாது. முழு டின் அதிகமென்றால் மீன் வளர்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டின் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

முட்டைக்கு எமன் ஈரப்பதம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் டின்னை ஒரு வாரம் சரியாக மூடாமல் வைத்தால் போதும், முட்டை கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொண்டு பாதி விழித்து, பிறகு பொரிக்கும் தெம்பை இழந்துவிடும். டின்னைத் திறந்ததும் சின்னச் சின்னக் காற்றுப்புகாத டப்பாக்களில் பிரித்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். தினமும் எடுக்க ஒரே ஒரு டப்பா மட்டும் வெளியே. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

பொரிக்கும் பாட்டில்

கடையில் கூம்பு வடிவப் பொரிப்பான் கிடைக்கும். ஆனால் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலே போதும். அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மூடியை இறுக்கி, தலைகீழாக ஒரு ஸ்டாண்டிலோ இன்னொரு பாட்டிலின் வெட்டிய அடிப்பாகத்திலோ நிறுத்துங்கள். கூம்பு வடிவம் ஏன் என்றால், தட்டையான பாத்திரத்தில் முட்டை மூலையில் போய் ஒதுங்கி, காற்று கிடைக்காமல் அழுகும். கூம்பில் கீழே விழுவதையெல்லாம் காற்று திரும்பத் திரும்ப மேலே தூக்கிவிடும்.

காற்றுக்கு ஏர் பம்பிலிருந்து ஒரு டியூப். அதன் நுனியில் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மாட்டி, பாட்டிலின் அடிவரை இறக்கிவிடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதிலிருந்து வரும் நுண்குமிழ் நுரை கட்டி, முட்டைகளை மேலே தள்ளிப் பாட்டில் சுவரில் ஒட்டவைக்கும். பெரிய குமிழ் ‘குபுகுபு’ என்று கொதிப்பது போல வந்தால் சரி.

ஏர் பம்பைப் பாட்டிலின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது தண்ணீரைப் பின்னால் விடாத ஒரு செக் வால்வை டியூபில் போடுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் இறங்கிப் பம்புக்குள் போய்விடும். அடிக்கடி மின்வெட்டு உள்ள இடமென்றால் பேட்டரி பம்ப் ஒன்று அவசியம். குஞ்சு பொரித்து நிரம்பியிருக்கும் பாட்டிலில் காற்று நின்றால் கொஞ்ச நேரத்திலேயே ஆக்ஸிஜன் தீர்ந்து மொத்தமும் சாகும்.

தண்ணீரும் உப்பும்

ஒரு லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு. சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். கல் உப்பே போதும். பாக்கெட் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க ஏதேதோ சேர்ப்பதால் அதைத் தவிர்க்கலாம். கடல் மீன் தொட்டிக்கான விலை உயர்ந்த உப்பைப் பொரிக்க மட்டும் செலவழிப்பது வீண்.

தண்ணீரின் பி.எச். 8 ஒட்டி இருக்கவேண்டும். முட்டை ஓட்டை உடைக்க உதவும் நொதி காரத்தன்மை உள்ள தண்ணீரில்தான் நன்றாக வேலை செய்யும். கடினமான போர்வெல் தண்ணீரில் இது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். ‘நல்ல முட்டைதான், ஆனால் பொரிக்கவே இல்லை’ என்று வரும் புகாரில் இந்தக் கேன் தண்ணீருக்கு ஒரு பங்கு உண்டு. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் ஓரிரவு காற்று ஓடவிட்டால் போதும்.

சூடு 26 முதல் 29 டிகிரி. சமவெளித் தமிழ்நாட்டில் வருடத்தில் பாதி நாள் இது அறையிலேயே இருப்பதால் ஹீட்டர் தேவையில்லை. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை வேண்டாம். 33, 34 என்று ஏறினால் பொரிப்பு குறையும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஹீட்டர் உள்ள ஒரு தொட்டிக்குள் பாட்டிலை நிறுத்திவிடுவது எளிது.

முட்டை போடுவது

ஒரு லிட்டருக்கு கால் தேக்கரண்டி. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் வீட்டு அமைப்பில் போகவேண்டாம். ஒரு கிராம் நல்ல முட்டையிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் குஞ்சு வரும். இரண்டு ஏஞ்சல் ஜோடியின் குஞ்சுகள் இருக்கும் வீட்டுக்கு இது கொட்டிக் கிடக்கும் அளவு. அளவைக் கூட்டுவதைவிடத் தினமும் கொஞ்சமாகப் போடுவதே நல்லது.

முட்டையைப் போட்டுக் காற்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு எல்.இ.டி. விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சம் அலங்காரத்துக்கு இல்லை. தண்ணீரை உறிஞ்சிய முட்டைக்கு முதல் சில மணி நேரத்தில் படும் வெளிச்சம்தான் கருவை எழுப்பும் சைகை. காற்று இறங்கிய பந்து போலச் சப்பியிருந்த முட்டை, ஓரிரு மணி நேரத்தில் உருண்டையாகிவிடும். கைக்கு ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் அடுத்தது பார்க்க வேண்டிய காட்சி: ஓடு வெடித்து, கரு சவ்வுக்குள் சுருண்டபடி ஓட்டின் அடியில் குடை போலத் தொங்கும். அப்புறம் சவ்வைக் கிழித்துக்கொண்டு நீந்தத் தொடங்கும். நல்ல முட்டையாக இருந்து சூடும் சரியாக இருந்தால் 18 மணி நேரத்தில் ஆரம்பித்து 24 மணிக்குள் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும். தண்ணீர் பழுப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும்.

அந்த ஆரஞ்சு நிறம்

புதிதாகப் பொரித்த குஞ்சின் ஆரஞ்சு நிறம் அதன் வயிற்றில் உள்ள மஞ்சள் கரு. வாய் இன்னும் திறக்கவில்லை, குடலும் தயாராகவில்லை. அந்தச் சேமிப்பை எரித்துத்தான் அது நீந்துகிறது. பொரித்த சுமார் 6 முதல் 8 மணி நேரத்தில் தோலுரித்து இரண்டாம் நிலைக்குப் போகும். அப்போது நிறம் வெளுத்துவிடும், உடல் நீளும், வேகமும் கூடும். ஒரு நாளைக்குள் ஏறக்குறைய கால் பங்கு சத்து போய்விடும். மீன் குஞ்சுக்கு இரட்டை நஷ்டம்: துரத்திப் பிடிப்பது கடினம், பிடித்தாலும் உள்ளே சரக்கு குறைவு.

அதனால் எப்போது தீனி போடப் போகிறீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி முட்டையைப் போடுங்கள். காலை 7 மணிக்குத் தீனி என்றால், முதல் நாள் காலை 7 மணிக்கு முட்டை தண்ணீரில் இருக்கவேண்டும். காலையும் மாலையும் புதுக் குஞ்சு வேண்டுமென்றால் இரண்டு பாட்டில்களை 12 மணி நேர இடைவெளியில் ஓட்டுங்கள். மிச்சமானதைச் சின்னக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் அதன் வேகத்தைக் குறைத்து, சத்து எரிவதையும் தள்ளிப்போடும். ஒரு நாள் வரை பரவாயில்லை. மூன்று நாள் வைத்துப் போடுகிறவர்கள் வெறும் ஓடும் தண்ணீரும்தான் போடுகிறார்கள்.

அறுவடை

1. காற்றை நிறுத்துங்கள். பாட்டிலின் மேல் பாதியைக் கறுப்புத் துணியால் மூடி, அடியில் டார்ச் வெளிச்சம் காட்டுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். காலி ஓடு மேலே மிதக்கும், பொரிக்காத முட்டை அடியில் படியும்.

2. ஐந்து முதல் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். அடியில் நெருக்கமாகக் குவிந்திருப்பவை மூச்சு முட்டிச் சாகும்.

3. ஏர் டியூபை உள்ளே விட்டு சைஃபன் பிடியுங்கள். முதலில் வரும் ஒரு வாய்த் தண்ணீரில் பொரிக்காத முட்டைதான் இருக்கும், அதைத் தனியே விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஆரஞ்சுப் பகுதியை நுண்வலையிலோ நெருக்கமாக நெய்த பழைய கைக்குட்டையிலோ பிடியுங்கள். மேலே மிதக்கும் பழுப்பு ஓடு நெருங்கும் முன் நிறுத்துங்கள்.

4. வலையில் இருப்பதை நன்னீரால் அலசுங்கள். பொரித்த தண்ணீரில் கிளிசராலும் பாக்டீரியாவும் நிறைய இருக்கும். அதை மீன் தொட்டியில் ஊற்றவே கூடாது.

5. கொஞ்சம் நன்னீரில் கலக்கி, டிராப்பரால் மீன் குஞ்சுகளின் நடுவே விடுங்கள்.

போட்ட பத்து நிமிடத்தில் பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும்: ஒவ்வொரு மீன் குஞ்சின் வயிறும் ஆரஞ்சு நிறத்தில் உருண்டிருக்கும். வயிறு ஆரஞ்சாகாத குஞ்சு சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

நன்னீரில் ஆர்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், பிறகு செத்து அழுகும். எனவே ஒரே வேளையில் கொட்டாமல் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் தின்று தீர்க்கும் அளவு. கப்பி, மாலி, பிளாட்டி குஞ்சுகள் பிறந்த அன்றே இதைத் தின்னும். ஏஞ்சல் குஞ்சும் தானாக நீந்தத் தொடங்கியதும் தின்னும். ஃபைட்டருக்கு முதல் ஓரிரு நாள் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி கொடுத்துவிட்டு இதற்கு மாறுங்கள். கௌராமி, சின்ன டெட்ரா வகைகளின் வாய்க்கு இது ஆரம்பத்தில் பெரிது. ஒரு வாரம் பொறுக்கவேண்டும்.

ஓடு நீக்குவது: வேண்டுமா?

காலி ஓடு செரிக்காது, சின்னக் குஞ்சுகளின் குடலை அடைக்கவும் கூடும். அதனால் சிலர் முட்டையின் ஓட்டைப் பிளீச்சில் கரைத்துவிட்டுப் பொரிக்க வைப்பார்கள். ஓடு நீங்கிய முட்டையைப் பொரிக்காமலே நேரடித் தீனியாகவும் போடலாம், ஆனால் அது அசையாமல் அடியில் போய்விடும். அறுவடையைப் பொறுமையாகச் செய்யப் பழகினால் வீட்டில் இது தேவையே இல்லை என்பது என் எண்ணம். டிஸ்கஸ், கடல் குதிரை என்று நுணுக்கமாக வளர்ப்பவர்கள் செய்யலாம்.

செய்வதென்றால்: முட்டையை ஒரு மணி நேரம் நன்னீரில் காற்றோடு ஊறவிடுங்கள். வடித்து, வாசனை சேர்க்காத திரவப் பிளீச்சில் போட்டு விடாமல் கலக்குங்கள். பழுப்பு சாம்பலாகும், பிறகு வெள்ளை, பிறகு ஆரஞ்சு. சில நிமிட வேலைதான். சூடு ஏறும், 40 டிகிரியைத் தாண்டினால் கரு செத்துவிடும், பாத்திரத்துக்கு வெளியே ஐஸ் வையுங்கள். ஆரஞ்சு வந்ததும் வலையில் வடித்துக் குளோரின் வாசனை போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசி, கடைசியில் மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் குளோரின் நீக்கியில் ஒரு முக்கு. கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். பிளீச்சோடு வினிகரோ பாத்ரூம் ஆசிடோ சேர்ந்தால் விஷ வாயு வரும், பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

வளர்த்துப் பார்க்க

ஆர்டீமியாவைச் செல்லப் பிராணியாக்கி விற்ற பெருமை அமெரிக்காவின் ஹரால்ட் வான் பிரான்ஹட்டுக்குச் சேரும். 1960இல் ‘இன்ஸ்டன்ட் லைஃப்’ என்று விற்கத் தொடங்கி, 1962இல் ‘சீ மங்கீஸ்’ என்று பெயர் மாற்றினார். காமிக்ஸ் புத்தகங்களின் விளம்பரத்தில் கிரீடம் வைத்த மனித முகக் குடும்பமாக வரைந்திருப்பார்கள். பாட்டிலில் வந்ததோ இந்த ஒரு சென்டிமீட்டர் உயிரி. அதில் ஒரு சூட்சுமமும் உண்டு. தண்ணீரைச் சுத்திகரிக்க என்று முதல் நாள் போடச் சொன்ன பொட்டலத்திலேயே முட்டையும் இருக்கும். மறுநாள் ‘உயிர்’ என்ற இரண்டாம் பொட்டலத்தைக் கொட்டியதும், முதல் நாளே பொரித்த குஞ்சுகள் கண்ணில் படும். பிள்ளைகள் உடனே உயிர் வந்துவிட்டது என்று நம்பிவிடும். 1998இல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் விண்வெளி ஓடத்தில் போனபோது இந்த முட்டைகளும் கூடப் போயின.

தொட்டியில் மீனுக்குத் தீனியாக ஆர்டீமியாவைப் பெரிதாக வளர்ப்பது லாபமில்லை. ஆனால் பார்க்க வளர்ப்பதென்றால், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட மலிவான, சத்தமில்லாத பிராணி கிடையாது.

மூன்று முதல் ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி, வாய் அகலமானது. இங்கே கல் உப்பு மட்டும் போதாது. மாதக்கணக்கில் வாழ கால்சியம், மெக்னீசியம் எல்லாம் வேண்டும். கடல் மீன் உப்பைக் கலக்குங்கள், அல்லது கடற்கரையில் இருப்பவர்கள் சுத்தமான இடத்துக் கடல் நீரைத் துணியில் வடிகட்டி எடுத்துவரலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு அளவு. காற்று மிக மெதுவாக, நிமிடத்துக்குச் சில குமிழ். ஜன்னலோரம் மறைமுக வெளிச்சம் படட்டும். ஜாடிச் சுவரில் பச்சைப் பாசி பிடித்தால் துடைக்காதீர்கள், அது சாப்பாடும் ஆக்ஸிஜனும்.

அலசிய குஞ்சுகளில் ஒரு டிராப்பர் அளவு விட்டால் போதும். முதல் நாள் தீனி வேண்டாம், மஞ்சள் கரு இருக்கிறது. அப்புறம் ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சில சொட்டு. ஜாடி லேசாகக் கலங்கவேண்டும், அவ்வளவுதான். மறுபடி தெளியும்வரை அடுத்த வேளை கிடையாது. பேக்கரி ஈஸ்டும் சரிப்படும், ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் தண்ணீர் புளித்துவிடும். ஜாடிகள் சாவது பட்டினியால் இல்லை, நம் தாராளத்தால்தான்.

தண்ணீர் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஆவியாகிக் குறைந்தால் நன்னீர் மட்டும் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாராவாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இரண்டு மூன்று வாரத்தில் பெரிதாகிவிடும். ஆணின் தலையில் பெண்ணைப் பற்றிக்கொள்ளப் பெரிய கொக்கிகள் இருக்கும். பிடித்த பெண்ணோடு ஒட்டியபடியே நாள்கணக்கில் நீந்தும். பெண்ணின் வாலுக்கு மேலே முட்டைப் பை தெரியும். இருட்டில் ஜாடியின் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: மல்லாந்து நீந்துபவை எல்லாம் புரண்டுகொள்ளும், வயிறு இப்போது கீழே. உடல் சிவக்கத் தொடங்கினால் அழகாக இருக்கிறதே என்று ரசிக்கவேண்டாம். ஆக்ஸிஜன் குறையும்போது அது ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. காற்றைக் கூட்டுங்கள், தீனியை நிறுத்துங்கள். ஒரு ஆர்டீமியா இரண்டு மூன்று மாதம் வாழும், அதற்குள் ஜாடியில் அடுத்த தலைமுறை வந்திருக்கும்.

வளர்ந்ததை மீனுக்குப் போடலாமா என்றால், போடலாம். பெரிய மீன்கள் ஆசையாகத் தின்னும், ஆனால் உடலில் பெரும்பங்கு தண்ணீர், புதுக் குஞ்சில் இருக்கும் கொழுப்புச் சத்து இதில் இல்லை. கடையில் கிடைக்கும் உறைய வைத்த ஆர்டீமியாவுக்கும் இதே கணக்குதான். அதையே முழு உணவாக்கக் கூடாது. ஜாடியிலிருந்து எடுத்துப் போடுவதென்றால், போடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு கெட்டியாக ஸ்பைருலினா கரைத்து விடுங்கள். குடல் பச்சையாக நிரம்பியதும் வலையில் பிடித்து, அலசி, உடனே தொட்டியில் விடவேண்டும்.